அரைக் கட்டை

இன்னும் பேசிக்கிட்டே இருக்காரு வர்த்தகர் சங்கத் தலைவர். ரெண்டே வார்த்தை சொல்லி அமர்கிறேன்னு மைக்கைப் பிடிச்சவரு, சங்கம் தொடங்கின கதையில ஆரம்பிச்சு இப்பத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல தண்ணித் தொட்டி கட்டின இடத்துக்கு வந்திருக்காரு. பேசட்டும். விடிய விடிய வேணும்னாலும் பேசட்டும், எனக்கு அவசரம் இல்ல. பட்டுக்கோட்டை வர்த்தகர்கள் இன்னைக்கு எனக்கு என்ன செஞ்சிருக்காங்கன்னு அவங்களுக்கே தெரியாது. என் பின்னாடி நீலாம்பரி மெல்லிசைக் குழு மொத்தமும் வாத்தியத்தை மடியில வச்சுக்கிட்டு மேடை விளக்குச் சூட்டுல வேர்த்து உட்கார்ந்திருக்கு. தபேலாக்காரரு ஒரு கொட்டாவியை மூக்கு வழியா விட்டு மறைக்கிறாரு. அந்தப் பக்கம் சிவப்பு சோபாவுல, நடு நாயகமா, கால் மேல கால் போட்டு அவன். போஸ்டர்ல அவன் பேரு பின்னணிப் பாடகர் கவின் சுந்தர். என்கிட்ட வந்தப்ப சோணைமுத்து, மானாமதுரை. போஸ்டர்ல அவன் தலை மட்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கு, அதுக்குக் கீழ இன்னிசை வழங்குவது நீலாம்பரின்னு எறும்பு எழுத்துல என் குழு. சரி. எறும்புதான். காதுக்குள்ள எறும்பு புகுந்தா என்ன ஆகும்னு இன்னும் கொஞ்ச நேரத்துல அவன் பார்ப்பான். அட, காதுன்னே வருது பாரு வாயில. எதை நினைச்சாலும் கடைசியில காதுலதான் வந்து முட்டுது.

வேற ஒன்னும் செய்யலை நான். அவன் தண்ணியில எதையும் கலக்கலை, மைக் ஒயரை அறுக்கலை. ஒரு பாட்டோட சுருதியை அரைக் கட்டை ஏத்தி வச்சிருக்கேன், அவ்வளவுதான். அவனுக்குப் பேரு வாங்கிக் கொடுத்த அந்த மழைப் பாட்டு, சினிமாவுல ரெண்டு கட்டைச் சுருதி. இன்னைக்கு ரெண்டரை. கேட்கிற ஜனத்துக்கு வித்தியாசம் தெரியாது. பல்லவி பாடுறப்ப அவனுக்கே தெரியாது, கொஞ்சம் இறுக்கமா இருக்கே, குளிர்ல வந்தோமே, கார்ல ஏசி போட்டோமேன்னு நினைச்சுக்குவான். சரணத்துக் கடைசியில "வானே"ன்னு மேல ஏறி அங்கேயே நிக்கணும் பாரு, அங்க தெரியும். போன பொங்கலுக்கு டிவியில பார்த்தேன். ஒரிஜினல் சுருதியிலயே அந்த இடத்துல கழுத்து நரம்பு புடைக்குது, கண்ணை மூடி உருகுற மாதிரி மறைச்சுக்குறான். மத்தவங்க உருகுறான்னு நினைப்பாங்க. இந்தத் தொண்டையைச் செஞ்சவன் நான், எனக்குத் தெரியாதா. இன்னும் ஒரு நூல் ஏத்தினா அறுந்துடும். மத்தியானம் ஒத்திகைக்கு அவன் வரலை, அவங்கெல்லாம் ஒத்திகைக்கு வர மாட்டாங்க. மேனேஜர்னு ஒருத்தன் போன்ல, "சார் பாட்டெல்லாம் ஒரிஜினல் ஸ்கேல்லயே ரெடி பண்ணிடுங்க"ன்னான். சரிங்கன்னு வச்சுட்டு, குழுவைப் பார்த்து, மழைப் பாட்டு ரெண்டரைன்னு சொன்னேன். கிடார்க்காரனும் பேஸ்காரனும் ஏன்னு கேட்கலை. பாடகர் சொல்லியிருப்பார்னு நினைச்சுக்கிட்டாங்க. புல்லாங்குழல்காரரு பையைத் துழாவி வேற குழலை எடுத்தாரு. கீபோர்டு ஜெசிந்தா மட்டும் விரலைச் சுருதி மாத்துற பட்டன் மேல வச்சுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தா. கீபோர்டுக்காரங்களுக்கு என்ன கஷ்டம், பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினா மொத்தப் பெட்டியும் அரைக் கட்டை மேல போயிடும், பழைய இடத்துலயே விரலை வச்சு வாசிக்கலாம். "அவரு கேட்டாரா மாஸ்டர்?"ன்னா. பதினெட்டு வருஷமா என்கூட இருக்கா, ஞாயித்துக்கிழமை கோயில்ல ஆர்கன் வாசிச்சுட்டு மத்தியானம் கச்சேரிக்கு வர்றவ. பொய் சொன்னா கண்டுபிடிச்சுடுவா. "நான் சொல்றேன்ல, ஏத்தும்மா"ன்னேன். ஏத்தினா. அப்புறம் தண்ணி குடிக்கிற சாக்குல எந்திரிச்சுப் போயி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தா.

அந்தப் பாழாப்போன பட்டன்தான் பினாங்குலயும். எட்டு வருஷத்துக்கு முன்னாடி, சோணை என் குழுவுல பாடிக்கிட்டு இருந்தப்ப, அங்க தமிழ்ச் சங்கத்துத் தீபாவளி நிகழ்ச்சி, பெரிய அரங்கம், குளுகுளுன்னு. ஜெசிந்தாவுக்கு விசா வரலை. உள்ளூர்ல ஒரு ஆளைப் பிடிச்சுக் கீபோர்டுக்குப் போட்டோம், நல்லா வாசிக்கிறவருதான். சோணை பாட்டுக்கு முந்தின பாட்டு பொம்பளைக் குரலுக்கு ஏத்தி வச்சது. அது முடிஞ்சதும் பட்டனைப் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும், அந்த ஆள் மறந்துட்டாரு. இது எல்லா மேடையிலயும் நடக்கிற கூத்து. அடுத்த பாட்டுக்கு நான் கையை இறக்கின உடனே கிடாரும் பேஸும் ஒரு சுருதி, கீபோர்டு அதுக்கு அரைக் கட்டை மேல. பல்லு கூசுச்சு. எனக்குக் கேட்டுச்சு. முதல் அடியிலயே கேட்டுச்சு. எல்லாருக்கும் முன்னாடி எனக்குத்தான் கேட்டுச்சு. பாட்டை நிறுத்தக் கூடாது, அது மேடை தர்மம், முன்னிசை ஓடுறப்பவே நைசா நடந்து போயி பட்டனை அமுக்கிட்டா பாடகன் வாயைத் திறக்கிறதுக்குள்ள சரியாயிடும், ஜனத்துக்கு ஏதோ கரகரன்னுச்சேன்னு தோணுமே தவிர ஒன்னும் விளங்காது. நான் நடந்தேன். நடந்துக்கிட்டு இருந்தேன்யா. கீபோர்டுக்கும் எனக்கும் நடுவுல டிரம்ஸ் இருக்கு, சுத்திப் போகணும். அதுக்குள்ள சோணை கையைத் தூக்கிட்டான். நிறுத்துங்க, நிறுத்துங்க. மொத்த அரங்கமும் கப்சிப். மைக்குல சிரிச்சுக்கிட்டே, "மன்னிக்கணும், எங்க மாஸ்டருக்குக் கொஞ்சம் காது மந்தம், சுருதி ஓடிப்போனது அவருக்குக் கேட்கலை, நாங்க பார்த்துக்குறோம்"னான். சிரிச்சாங்க. அத்தனை பேரும் சிரிச்சாங்க. அவனே தாவிப் போயி பட்டனை அமுக்குறான், கைதட்டல். நான் டிரம்ஸுக்குப் பின்னாடி, வழி தவறிப் போனவனாட்டம், பாதி தூரத்துல நிக்கிறேன். நான் நடந்து வர்றதை அவன் பார்த்தானா பார்க்கலையா. எட்டு வருஷமா இந்த ஒரு கேள்விதான். பார்த்திருந்தா அவன் கொலைகாரன். பார்க்கலைன்னா? பார்த்தான். பார்க்காம எப்படி, நேரா அவன் முன்னாடிதானே போனேன். இல்ல, விளக்கு அவன் கண்ணுல அடிச்சுது. அடிச்சா என்ன, நிழல் தெரியாதா.

ஊருக்கு வந்து இறங்குறதுக்கு முன்னாடியே போன்ல வந்து இறங்கிடுச்சு, அரங்கத்துல யாரோ எடுத்த வீடியோ. செவிட்டு மாஸ்டர். தையல்காரனுக்குக் கண்ணு போச்சுன்னாக்கூட மெஷின்ல உட்கார்ந்து ஓட்டிடுவான், கச்சேரி நடத்துறவனுக்குக் காது போச்சுன்னு ஒரு பேச்சு கிளம்பினா அப்புறம் எவன் கூப்பிடுவான். கோயில் கமிட்டிக்காரன் போன் போட்டு முதல் கேள்வியே, "காது இப்ப எப்படி மாஸ்டர்?" திருச்சி தில்லைநகர்ல காது டாக்டர்கிட்டப் போனேன். கண்ணாடி அறைக்குள்ள உட்கார வச்சு, சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கன்னாரு. எறும்பு நடக்கிற சத்தத்துக்கெல்லாம் கையைத் தூக்கினேன். "உங்க வயசுக்கு இப்படிக் காது நான் பார்த்ததில்லை"ன்னாரு அந்த டாக்டர். இதை நான் எங்க போயிச் சொல்ல, மைக்குலயா. எல்லாம் போகட்டும். மங்கை. என் பொண்டாட்டி. அந்தப் பயணத்துக்கு அப்புறம் அவ என்கிட்ட சத்தமா பேச ஆரம்பிச்சா. அவளுக்கே தெரியாம. "சாப்பிட வாங்க"ன்னு பக்கத்துல நின்னுக்கிட்டே தெருவுக்குக் கேட்கிற மாதிரி. ஏன்டி கத்துறன்னு ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டேன். "நான் கத்தலையே"ன்னு கத்தினா. அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன், இவனை விடக் கூடாதுன்னு. இந்த மங்கைதான் அவனுக்கு அப்பல்லாம் மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தவ. மூணு வருஷம் எங்க வீட்டுலதான் சோறு, மாடியறையிலதான் படுக்கை. வாயைத் திறந்தா மூக்குல பாடுவான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுடான்னு காலையில சாதகம் பண்ண வச்சு, அடிவயித்துலேர்ந்து காத்தை எடுக்கக் கத்துக் கொடுத்து, "வானே"ல நிக்கிறானே அந்த நிப்பு என்னுது. இன்னைக்கும் மங்கை டிவியில அவன் பாட்டைக் கேட்பா, நான் வர்ற சத்தம் கேட்டதும் ஒலியைக் குறைப்பா. எனக்குக் கேட்காதுன்னு நினைக்கிறவ எதுக்குக் குறைக்கணும். ஏன்னு கேட்டா, "உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு"ங்குறா. அதையும் சத்தமாத்தான் சொல்றா.

முடிச்சுட்டாரு. தலைவர் முடிச்சுட்டாரு. இப்ப பொன்னாடை. ஒருத்தன் மடிக்க ஒருத்தன் பிரிக்க, போட்டோக்காரனுக்காக ஒரே ஆடையை ரெண்டு தடவை போர்த்துறாங்க. மூணாவது தடவையா பாட்டு வரிசைத் தாளை எடுத்துப் பார்க்கிறேன். பயமா? சீச்சீ. பயம் எதுக்கு. ஒருவேளை அவன் கண்டுபிடிச்சுட்டா? முன்னிசையிலயே, மாஸ்டர், சுருதி ஏறியிருக்குன்னு மைக்குல சொல்லிட்டா? மறுபடி அதே மைக், அதே சிரிப்பு. செத்தேன். இல்ல, அவனுக்கு அந்தக் காது கிடையாது, குரல்தான் உண்டு, சின்ன வயசுலயே தெரியும் எனக்கு. ரெண்டு சுருதியை அடுத்தடுத்து வச்சுக் காட்டினா சொல்லிடுவான், தனியா ஒன்னை வச்சா திணறுவான். என்ன இது, ஏன் இங்க வர்றான். சோபாவுலேர்ந்து எந்திரிச்சு, தனக்குப் போட்ட ஆடையை உருவிக் கையில வச்சுக்கிட்டு, நேரா என்கிட்ட வர்றான். தோள்ல போர்த்துறான். கால்ல விழப் போறவனை நான் பிடிச்சுட்டேன், அனிச்சையா, என் கை அவன் ரெண்டு தோளையும் பிடிச்சிருக்கு, சனியன், கை என் பேச்சைக் கேட்கலை. கூட்டம் கைதட்டுது. மைக்குல, "எனக்கு முதல் மேடை கொடுத்த என் தாமோதரன் மாஸ்டர்"ங்குறான். முழுப் பேரு. கண்ணு கலங்கியிருக்கு அவனுக்கு, நடிப்பு இல்ல, நடிச்சா மூக்கு விடைக்கும், எனக்குத் தெரியும். நெஞ்சுல ஏதோ தளர்ந்துச்சு, ஒத்துக்குறேன். அரைக் கட்டையை இறக்கிடலாமா, ஜெசிந்தாவுக்கு ஒரு கண்ணசைவு போதும், அப்படின்னு நினைச்ச அந்த இடத்துல அவன் மைக்கைக் கீழ இறக்கிட்டு, குனிஞ்சு, என் காதுக்குப் பக்கத்துல வாயை வச்சு, ஒவ்வொரு வார்த்தையா பிரிச்சுக் கத்தினான்: "மாஸ்டர், நல்லா, இருக்கீங்களா?"

காது ங்கொய்ங்குது. என் காதுல கத்துறான். டாக்டரு பார்த்ததில்லைன்னு சொன்ன காதுல. அப்போ இவன் நெசமாவே நம்புறான். பினாங்குல எனக்குக் கேட்கலைன்னே இத்தனை வருஷமும் நம்பியிருக்கான். அப்போ வேணும்னு செய்யலையா? நான் நடந்ததைப் பார்க்கலையா? எட்டு வருஷமா நான் வளர்த்த வஞ்சம் வேற எவனோ ஒருத்தன் மேலயா? இரு, இரு. நம்பினா மட்டும்? நெசமாவே எனக்குக் காது கேட்கலைன்னு வச்சுக்குவோம். சொந்தப் புள்ளையாட்டம் சோறு போட்டவனுக்குக் காது கேட்கலைன்னா, அதை ஊரைக் கூட்டி மைக்குலயா சொல்லுவ? பக்கத்துல வந்து மெதுவா பட்டனை அமுக்கிட்டுப் போயிருக்கலாமேடா. உனக்கு அந்தக் கைதட்டல் வேணும். அதுக்கு என் காதைக் கழட்டிக் கொடுத்த. "நல்லா இருக்கேன்பா"ன்னேன். கேட்டுச்சுன்னு அவனுக்கு ஒரு சந்தோஷம், முதுகுல தட்டிக் கொடுத்துட்டு முன்னாடி போறான். ஜெசிந்தா என்னையே பார்த்துக்கிட்டு இருக்கா, பட்டன் பக்கத்துல விரல் நிக்குது. அவகூட மேடையில என்கிட்ட வாயால பேசுறதில்லை, கண்ணும் கையும்தான், பத்திரத்துக்கு. எல்லாருக்கும் என் மேல அவ்வளவு பரிவு. நான் தலையை ஆட்டினேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும். கையைத் தூக்கினேன்.

ஓடுது முன்னிசை. குழல் நல்லா விழுது. பல்லவி எடுத்துட்டான். ம், ஒன்னும் தெரியலை அவனுக்கு. சிரிக்கிறான், முன் வரிசைப் பொம்பளைங்களுக்குக் கையாட்டுறான். கையாட்டு. தாடை இறுகுது பாரு, ரெண்டாவது தடவை பல்லவியில மைக்கைத் தள்ளிப் பிடிக்கிறான். தொண்டையைச் செருமுறான். மைக்குக்கு வெளியதான் செருமினான், எனக்குக் கேட்டுச்சு. இடையிசை. தண்ணி குடிக்கிறான். குடி, நல்லாக் குடி. சரணம். முதல் ரெண்டு வரி கீழ, தப்பிச்சான். மூணாவது வரியில ஏறுது. தோள் தூக்குறான், தோளைத் தூக்காதடா, வயித்துலேர்ந்து எடுன்னு எத்தனை காலையில சொல்லியிருக்கேன். இப்பவும் சொல்ல வாய் வருது, கடவுளே, இப்பவும். என் இடது கை தானா மேல போகுது, அவனைத் தூக்கி விடுற மாதிரி. கையை இழுத்துக்கிட்டேன். வந்துடுச்சு. வாங்குறான் மூச்சு. "வா..." அவ்வளவுதான். உடைஞ்சுது. சீலை கிழியுற சத்தம். சமாளிச்சு மறுபடி ஏறப் பார்த்தான், காத்துதான் வந்துச்சு, குரல் வரலை. கையைத் தூக்கி நிறுத்தினான். வாத்தியமெல்லாம் ஒன்னொன்னா அடங்குது. மைதானம் முழுக்கச் சத்தமே இல்ல. இதுக்குத்தானே காத்திருந்தேன். நல்லாத்தான் இருக்கு. சத்தியமா நல்லாத்தான் இருக்கு. பாதி தூரத்துல நிக்கிறப்ப எப்படி இருக்கும்னு தெரியுதா இப்ப? எங்க போறதுன்னு தெரியாம நிக்கிறான். பின்னாடி திரும்பி என்னைப் பார்க்கலை. தொண்டையைத் தொட்டுப் பார்க்கிறான், தன் தொண்டையை, கீழ விழுந்து அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கிறவன் மாதிரி. அப்புறம் மைக்கை வாய்க்குக் கொண்டு வந்தான்.

"மன்னிச்சிடுங்க. மாஸ்டர் மேலயோ குழு மேலயோ தப்பு இல்ல. சுருதி சுத்தமா இருக்கு. என் தொண்டைதான். கொஞ்ச நாளாவே சரியில்லை, யார்கிட்டயும் சொல்லலை." கைதட்டுறாங்க. எந்திரிச்சு நின்னு கைதட்டுறாங்க பாவிங்க. இந்த வார்த்தை. சுருதி சுத்தமா இருக்கு, மாஸ்டர் மேல தப்பு இல்ல. எட்டு வருஷம் இந்த ஒத்தை வார்த்தைக்குத்தானே, சபையில, மைக்குல, இவன் வாயால. வந்துடுச்சு. பொய்யா வந்திருக்கு. நானே ஊத்திக் கொடுத்த பொய்யை அவன் என் தட்டுல பரிமாறுறான், நான் பசியோட பார்த்துக்கிட்டு நிக்கிறேன். இதுலயும் ஜெயிச்சுட்டானேடா. "இன்னொரு தடவை முயற்சி பண்றேன், விட மாட்டேன் உங்களை"ங்குறான் கூட்டத்தைப் பார்த்து. என் பக்கம் திரும்பி விரலைச் சுத்திக் காட்டுறான், முதல்லேர்ந்து. ஜெசிந்தா பார்க்கிறா. அவ கண்ணுல தண்ணி நிக்குது. இப்ப என்ன செய்ய. அப்படியே விட்டா மறுபடி உடைவான், இந்தத் தடவை உடைஞ்சா சேராது, அது எனக்குத் தெரியும், ரத்தம் கட்டிக்கும், அதோட பாட்டு போச்சு. இறக்கினா பாடிடுவான். ஆனா இறக்கினா தெரிஞ்சுடும். இப்பத்தான் ரெண்டரையில பாடியிருக்கான், சூடு இன்னும் ஆறலை, பக்கத்துலயே ரெண்டை வச்சா பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியும். மைக் அவன் கையில. கூட்டம் அவன் பக்கம். செவிட்டு மாஸ்டராவது பாவம்னு விட்டாங்க. இது தெரிஞ்சா மேடையிலேர்ந்து இறங்கி வீட்டுக்குப் போக முடியாது. விட்டுடு தாமோதரா, உடையட்டும், யாருக்கும் தெரியாது, நீ ஜெயிச்ச. யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. சாகுற வரைக்கும் தன் தொண்டையைத்தான் திட்டிக்கிட்டு இருப்பான். அப்புறம் நான் எதுக்கு இதைச் செஞ்சேன். அவனுக்குத் தெரியாம அவனை அடிச்சு எனக்கு என்ன ஆகப் போகுது. தெரியட்டும். நாசமாப் போகட்டும், தெரியட்டும். "ஒரிஜினலுக்கு வாங்க"ன்னேன் குழுவைப் பார்த்து. ஜெசிந்தா பட்டனை அமுக்கின சத்தம்கூடக் கேட்டுச்சு.

முன்னிசையிலயே பிடிச்சுட்டான். முதுகு விறைச்சுது. மெதுவா, ஆடுற மாதிரி ஒரு சுத்துச் சுத்தித் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கலை. கையையும் நிறுத்தலை. அவன் வாய் பாதி திறந்திருக்கு, மைக் மோவாய்கிட்ட இருக்கு, ஒரு வார்த்தை போதும். சொல்லுடா. சொல்லு. பாட வேண்டிய இடம் வந்துச்சு, பாடினான். என்னைப் பார்த்துக்கிட்டேதான் பல்லவி முழுக்கப் பாடினான். சரணத்துக்குத்தான் முன்னாடி திரும்பினான். தோளைத் தூக்கலை. வயித்துலேர்ந்து எடுத்தான். "வானே"ல ஏறி நின்னான், சினிமாவுல நின்னதை விட ரொம்ப நேரம் நின்னான், நான் மொத்த வாத்தியத்தையும் நிறுத்தி அவனைத் தனியா நிக்க விட்டேன். முடிஞ்சதும் மைதானமே அலறுச்சு. அந்த அலறல்ல அவன் நடந்து என்கிட்ட வந்தான். குனியலை. காதுகிட்ட வரலை. மைக்கை முதுகுக்குப் பின்னாடி பிடிச்சுக்கிட்டு, எட்டத்துலயே நின்னு, உதடு அசையுறதே தெரியாத மாதிரி சன்னமா கேட்டான்: "அடுத்த பாட்டு எத்தனை கட்டை மாஸ்டர்?" அத்தனை சத்தத்துலயும் ஒரு எழுத்து விடாம எனக்குக் கேட்டுச்சு. அரைக் கட்டையை ஏத்தி இறக்கின காதுக்கு இது கேட்கும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த டாக்டரை விட்டா, நான் செவிடன் இல்லைன்னு சந்தேகமே இல்லாம தெரிஞ்சவன் இந்த உலகத்துல இப்ப இவன் ஒருத்தன்தான். அதை யார்கிட்டயாவது சொல்லணும்னா நான் செஞ்சதையும் சேர்த்துத்தான் சொல்லணும். "ஒன்னரை, ஒரிஜினல்தான்"ன்னேன், மெதுவாத்தான் சொன்னேன். தலையை ஆட்டிட்டு முன்னாடி போனான்.